மோகனத்தில் ஒரு மழைப்பாட்டும் மென்பொருள் சொன்ன கார்டுகளும்

பாளையங்கோட்டையில் ஒரு பள்ளியில் மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளுக்குத் தமிழ் கற்பிக்கிறேன். சென்ற ஆண்டு மழை தொடங்கிய வாரத்தில் அவர்களுக்காக 12 அடிகளில் ஒரு மழைப்பாட்டு எழுதி, மோகன ராகத்தில் மெட்டமைத்தேன். பழந்தமிழ் இசையின் முல்லைத் தீம்பாணியே இன்றைய மோகனம் என்பது இசைத்தமிழ் ஆய்வாளர் பலர் கொள்ளும் முடிவு. முல்லைத் திணைக்குரிய பெரும்பொழுதோ கார்காலம். இலக்கணம் கார்காலத்தை ஆவணிக்கும் புரட்டாசிக்கும் வகுத்திருக்க, எங்கள் ஊருக்கு மழை ஐப்பசியில்தான் வந்து சேர்கிறது என்றாலும், மழைக்கு அந்தப் பண்ணே பொருத்தம் என்று எனக்குத் தோன்றியது. இந்தப் பாட்டுக்கு வீட்டிலிருந்தபடியே ஒரு மென்பொருளின் துணையோடு பின்னணி இசை அமைத்தபோது கற்றுக்கொண்டவற்றை, அதே முயற்சியில் இறங்கும் பிறருக்குப் பயன்படும் என்ற எண்ணத்தில் எழுதுகிறேன்.

பின்னணி தேவைப்பட்டதற்குக் காரணம் எளிமையானது. நாற்பது பிள்ளைகள் துணையின்றிச் சேர்ந்து பாடும்போது மூன்றாவது அடிக்குள் சுருதி இறங்கிவிடுகிறது. தம்புராவை மட்டும் ஒலிக்கவிட்டால் அவர்கள் அதைக் கவனிப்பதில்லை. அடி மாறுவதையும், பாட்டு தன் அடிப்படைச் சுரமான சட்ஜத்துக்கு (ச) வீடு திரும்புவதையும் காட்டும் ஏதோ ஒன்று கூடவே ஒலித்தால் அவர்கள் அதைப் பற்றிக்கொண்டு பாடுவார்கள். அந்த வேலையைச் செய்வது, ஒன்றாக ஒலிக்கும் சில சுரங்கள் சேர்ந்த கார்டு எனப்படும் சுரக்கூட்டு. எனக்குப் பத்தாண்டு கர்நாடக வாய்ப்பாட்டுப் பயிற்சி உண்டு. கீபோர்டோ கிட்டாரோ வாசிக்கத் தெரியாது. அதனால், பாடிய மெட்டைக் கொடுத்தால் அதற்கேற்ற கார்டுகளைப் பரிந்துரைக்கும் ஒரு மென்பொருளைக் கணினியில் நிறுவினேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம், மின்விசிறியை நிறுத்தி, சன்னலுக்குக் கனமான போர்வை ஒன்றைத் தொங்கவிட்டு, கைப்பேசியில் பாடிப் பதிவு செய்தேன். என் சுருதி, அதாவது என் சட்ஜம் நிற்கும் உயரம், 5 கட்டை; மேற்கத்திய முறையில் ஜி. பழைய மின்சுருதிப்பெட்டியைப் பக்கத்து அறையில் வைத்து, கையால் தாளம் போட்டுப் பாடினேன். பதிவு நன்றாகவே வந்திருந்தது. அதை மென்பொருளில் ஏற்றியபோது கிடைத்த பின்னணி என் பாட்டுக்கு எவ்வகையிலும் பொருந்தவில்லை. இரண்டாவது அடியில் ஒரு ராகத்தின் சாயல், நான்காவது அடியில் வேறொன்றின் சாயல். ஒவ்வொரு கார்டும் பாட்டு நின்ற பிறகே ஓடி வந்து சேர்ந்தது. மென்பொருளைக் குறை சொல்லி விட்டுவிடவே முதலில் எண்ணினேன். ஆனால் அதே மென்பொருள் வேறு சிலருடைய மெட்டுகளுக்கு நன்றாக வேலை செய்திருந்ததால், அது என் பாட்டை எப்படிக் கேட்கிறது என்று அறிந்துகொண்ட பிறகு முடிவு செய்யலாம் என்று நினைத்தேன். அதற்குச் செலவிட்ட இரண்டு வாரம் வீண் போகவில்லை.

இத்தகைய மென்பொருள்கள் பாடலின் பொருளையோ ராகத்தையோ அறிவதில்லை. 2008இல் இயன் சைமன், டான் மோரிஸ், சுமித் பாசு ஆகிய மூவர் மைசாங் என்ற பெயரில் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். அடுத்த ஆண்டு மைக்ரோசாப்ட் அதைச் சாங்ஸ்மித் என்ற மென்பொருளாக வெளியிட்டது. நான் பயன்படுத்தியது வேறொன்று என்றாலும், அந்த ஆய்வு விளக்கும் முறையைப் படித்த பிறகுதான் எனக்கு நேர்ந்தது புரிந்தது. பாட்டை அளவு அளவாக, அதாவது நான்கு தட்டுக்கு ஒரு துண்டாக, மென்பொருள் வெட்டுகிறது. ஒவ்வொரு துண்டிலும் 12 சுரத்தானங்களில், அதாவது சுர நிலைகளில், எது எவ்வளவு நேரம் ஒலித்தது என்று கூட்டிப் பார்க்கிறது. ஏற்கெனவே பயின்ற ஏறத்தாழ 300 மேற்கத்தியப் பாடல்களில், எந்தக் கார்டின் மேல் எந்தச் சுரங்கள் மிகுதியாக வந்தன, எந்தக் கார்டுக்குப் பின் எந்தக் கார்டு வழக்கமாக வந்தது என்ற இரண்டு கணக்குகளையும் வைத்துக்கொண்டு, முழுப் பாட்டுக்கும் மிகவும் நிகழத்தக்க வரிசை ஒன்றைத் தேர்ந்து தருகிறது. ஆகவே சுரத்தானமும் துண்டின் எல்லையும் சரியாக இருந்தால்தான் பரிந்துரைக்குப் பொருள் உண்டு. என் பதிவில் இரண்டுமே சரியாக இல்லை.

முதலில் சுருதியைச் சோதித்தேன். கைப்பேசியில் சுருதி காட்டும் செயலி ஒன்றை வைத்துப் பார்த்தபோது, என் சுருதிப்பெட்டி 5 கட்டையிலிருந்து 40 சென்ட் மேலே நின்றது. ஒரு சுரத்தானத்திற்கும் அடுத்ததற்கும் இடையிலுள்ள தொலைவை 100 சென்ட் என்று பகுப்பார்கள். எனவே என் சட்ஜம் 5 கட்டைக்கும் ஐந்தரைக் கட்டைக்கும் ஏறத்தாழ நடுவில் இருந்தது. நுண்சுருதி திருகைத் தொட்டு எத்தனை ஆண்டுகள் ஆயின என்று எனக்கே நினைவில்லை. கச்சேரிக்கு இது ஒரு பொருட்டே அன்று. வயலினும் மிருதங்கமும் அந்தச் சுருதிக்கே சேர்த்துக்கொள்ளும். ஆனால், ஏ என்ற சுரத்தை 440 ஹெர்ட்ஸில் நிறுத்தி 12 கட்டங்களை முன்கூட்டியே வரைந்து வைத்திருக்கும் மென்பொருளுக்கு, நான் சற்று அழுத்திப் பாடிய சட்ஜம் ஐந்தரைக் கட்டையாகவும், தளர்ந்து பாடியது 5 கட்டையாகவும் பதிவானது. இரண்டாவது அடியும் நான்காவது அடியும் வேறு வேறு ராகங்களாகத் தோன்றியதற்கு அதுவே காரணம். பெட்டியை ஒதுக்கிவிட்டு, 440 ஹெர்ட்ஸ் அடிப்படையில் அமைந்த தம்புரா செயலியை வைத்துப் பாடியதும் அந்தக் குழப்பம் அடியோடு நீங்கியது. வீட்டில் பதிவு செய்பவர் யாராயினும் வேறெதையும் தொடுவதற்கு முன் இதைச் சரிபார்க்க வேண்டும்.

அடுத்தது தாளம். பாட்டு எட்டு எண்ணிக்கை கொண்ட ஆதி தாளத்தில், சமம் எனப்படும் முதல் தட்டிலிருந்து அரை இடம், அதாவது அரைத் தட்டு, தள்ளித் தொடங்கும் எடுப்பாக அமைந்தது. கையில் தட்டு விழுந்த பிறகு ஒரு சிறு இடைவெளி, அதன் பின் சொல். அந்த இடைவெளியில்தான் மழைக்கு முந்தைய அமைதி இருப்பதாக நினைத்து அவ்வாறு அமைத்திருந்தேன். மென்பொருளோ பதிவின் தொடக்கத்தில் இருந்த அமைதியை வெட்டி எறிந்துவிட்டு, முதலில் கேட்ட ஒலியையே முதல் தட்டாக எடுத்துக்கொண்டது. நிமிடத்திற்கு 75 தட்டு வேகத்தில் ஒரு தட்டு 0.8 வினாடி, அரை இடம் 0.4 வினாடி. ஆகவே ஒவ்வொரு கார்டும் என் சமத்திற்கு 0.4 வினாடி தாமதமாக மாறியது. அடி முடிந்து சட்ஜத்தில் வந்து நிற்கும்போது பழைய கார்டே ஒலித்துக்கொண்டிருக்கும். நின்ற பிறகு புதிய கார்டு வரும். இது கேட்பதற்குக் குறையாக இருந்தது மட்டுமன்று. துண்டின் எல்லையே தவறாக விழுந்ததால், எந்தச் சுரம் எந்தத் துண்டைச் சேர்ந்தது என்ற கணக்கும் பிழையாகி, கார்டின் தேர்வே மாறிப்போனது.

இதற்கு நான் கண்ட வழி மிக எளியது. சரியாகச் சமத்தில் ‘ச’ என்று ஒரு சிறு ஒலி கொடுத்துவிட்டு, அரை இடம் விட்டுப் பாட்டைத் தொடங்கினேன். முதல் ஒலி சமத்திலேயே விழுந்ததால் துண்டுகள் எல்லாம் ஆவர்த்தனத்தோடு, அதாவது தாளத்தின் முழுச் சுற்றோடு, ஒத்துப்போயின. பின்னர் அந்தச் ‘ச’வை வெட்டி நீக்கினால் போதும். கைத்தாளத்தை விட்டு, சீராகத் தட்டு ஒலிக்கும் மெட்ரோனோமுக்குப் பாட வேண்டியிருந்தது. அதைப் புளூடூத் காதணியில் கேட்டுப் பாடினால், தட்டு காதுக்கு வந்து சேர்வதற்குள்ளாகவே கணிசமான தாமதம் ஏற்படுகிறது. கம்பியுள்ள பழைய காதணியே இதற்குச் சரி. மூன்று மூன்றாக நடக்கும் திஸ்ர நடையில் பாட்டு அமைத்திருப்பவர்கள், மென்பொருள் இயல்பாக நான்கு தட்டு அளவில் இருக்கும் என்பதையும், அதை மூன்றுக்கோ ஆறுக்கோ மாற்றிய பிறகே பாட வேண்டும் என்பதையும் நினைவில் வைக்க வேண்டும்.

இவ்வளவும் செய்த பின்னும் ஒன்று எஞ்சியது. என் பாட்டில் மத்யமமே (ம) இல்லை. மோகனத்தில் அதற்கு இடமில்லை. இருந்தும் மென்பொருள் காட்டிய சுரப்பட்டியலில் பல இடங்களில் மத்யமம் பதிவாகியிருந்தது. பதிவை மெதுவாக ஓட்டிக் கேட்டபோது விடை கிடைத்தது. பஞ்சமத்திலிருந்து (ப) காந்தாரத்திற்கு (க) நான் ஜாருவாக இழைந்து இறங்கும்போது குரல் இரண்டு மத்யமங்களையும் கடந்தே வருகிறது. கேட்கும் காது அதைப் பயணமாக எடுத்துக்கொள்கிறது. அங்கே ஒரு சுரம் நின்றதாக எண்ணுவதில்லை. நேரத்தை மட்டும் கூட்டும் கணக்குக்கு, கடந்து போவதும் நிற்பதும் ஒன்றுதான். இப்படிச் சுரங்களை இழைத்தும் அசைத்தும் பாடும் கமகத்தை விட்டுவிட்டுப் பாடினால் பாட்டே போய்விடும் என்ற கவலை எனக்கு இருந்தது. அதற்கு ஒரே வழி இரண்டு பதிவுகள் செய்வது. ஒன்று, முதல் நாள் பிள்ளைக்குப் பாடம் சொல்வதுபோல ஒவ்வொரு சுரத்தையும் நேராக நிறுத்திப் பாடிய வழிகாட்டிப் பதிவு. இதை மென்பொருளுக்கு மட்டும் கொடுத்தேன். மற்றொன்று, அதே மெட்ரோனோமுக்குக் கமகத்தோடு முறையாகப் பாடிய உண்மைப் பதிவு. கார்டுகள் கிடைத்த பின் வழிகாட்டியை நீக்கிவிட்டு உண்மைப் பதிவை அவ்விடத்தில் வைத்தேன். கர்நாடக இசைப் பயிற்சியுள்ளவர்களுக்கு நான் சொல்ல விரும்புவதில் முதன்மையானது இதுவே. மோகனத்தில் காந்தாரம் பெரும்பாலும் நிலையாக நிற்பதால் எனக்கு இவ்வளவோடு முடிந்தது. தோடி போலக் கம்பிதம், அதாவது சுரத்தின் அசைவு, மிகுந்த ராகத்தில் வழிகாட்டிப் பதிவின்றித் தொடங்கவே கூடாது என்பது என் கருத்து.

பல்லவி திரும்ப வருவதையும் சேர்த்துப் பாட்டு மொத்தம் 16 ஆவர்த்தனங்கள். அதாவது 32 துண்டுகள். மென்பொருள் 32 துண்டுகளுக்கும் கார்டு கொடுத்தது. இம்முறை எதுவும் அபஸ்வரமாக ஒலிக்கவில்லை. 5 கட்டைக்குரிய ஜி மேஜர், இ மைனர், சி மேஜர், டி மேஜர் ஆகிய நான்கே மாறி மாறி வந்தன. கேட்க இனிமையாகத்தான் இருந்தது. ஆனால் மோகனம் எங்கேயோ மறைந்துபோய், பாட்டு ஏதோ ஒரு விளம்பர இசைபோல ஆகியிருந்தது. எங்கே தவறு என்று எனக்குப் பிடிபடவில்லை.

எங்கள் தெருவில் முப்பது ஆண்டுகளாகத் தேவாலயத்தில் ஆர்கன் வாசிக்கும் அண்ணாச்சி ஒருவர் இருக்கிறார். நான்கு குரல் சேர்ந்து பாடும் கொயர் மரபு இந்த ஊரில் வேரூன்றிய ஒன்று. அவருடைய காதும் கையும் அதில் ஊறியவை. மடிக்கணினியை எடுத்துக்கொண்டு போய் அவருக்குப் போட்டுக் காட்டினேன். கண்ணை மூடி இருமுறை கேட்டார். “டீச்சர், பாட்டு மூச்சு விடுத எடத்துல எல்லாம் கார்டை மாத்தியிருக்கியளே, அது வந்து உக்காருத எடத்துல மாத்துனாப் போதாதா?” என்று கேட்டார். பிறகு, “ஒங்க பாட்டுல இல்லாத சுரத்தை யாரு வாசிக்கா?” என்றார். அந்த இரண்டு கேள்விகளும் எனக்கு வழி திறந்தன.

முதல் கேள்விக்கான பதில், நீக்குவது. ஒவ்வொரு துண்டுக்கும் ஒரு கார்டு வேண்டும் என்பது மென்பொருளின் அமைப்பே அன்றி இசையின் தேவை அன்று. நம் பாடல்களில் ஒரு சுரத்தைச் சுற்றிச் சுற்றி வந்து, ஆவர்த்தனத்தின் முடிவில்தான் ஓரிடத்தில் அமர்கிறோம். அமரும் இடங்களை மட்டும் பென்சிலால் குறித்துக்கொண்டு, மற்ற மாற்றங்களை எல்லாம் அழித்தேன். 32இல் 11 மட்டுமே நின்றன. அந்த 11இன் இடையில் தம்புராவும் பழைய கார்டும் தொடர்ந்து ஒலித்தபோது, பாட்டுக்குத் தன் இடம் திரும்பக் கிடைத்தது.

இரண்டாவது கேள்வி ஆழமானது. மோகனத்தின் சுரங்கள் ச, ரி, க, ப, த. இவற்றை மட்டும் கொண்டு அமையும் முழுமையான மூன்று சுரக் கார்டுகள் இரண்டே: ச-க-ப, த-ச-க. மென்பொருள் தந்த சி மேஜர் என்பது ம-த-ச. டி மேஜர் என்பது ப-நி-ரி. ஆக, நான்கு கார்டுகளில் இரண்டு, ராகத்தில் இல்லாத மத்யமத்தையும் நிஷாதத்தையும் (நி) கொண்டுவந்தன. என் குரல் அவற்றைத் தொடாவிட்டாலும் பின்னணி தொடுகிறது. காது இரண்டையும் சேர்த்தே கேட்கிறது. இன்னொன்றும் உண்டு. மோகனத்தை 28ஆவது மேளமான, அதாவது தாய் ராகமான, ஹரிகாம்போதியின் ஜன்யமாக, அதாவது கிளை ராகமாக, வைப்பது மரபு. ஹரிகாம்போதிக்கு உரியது தாழ்ந்த நிஷாதமான கைசிகி நிஷாதம். மென்பொருள் சேர்த்ததோ உயர்ந்த நிஷாதமான காகலி நிஷாதம். பாட்டில் விடுபட்ட இரண்டு சுரங்களையும் அது மேற்கத்திய மேஜர் அளவுகோலிலிருந்து, அதாவது நம் 29ஆவது மேளமான சங்கராபரணத்திலிருந்து, எடுத்து நிரப்பியிருந்தது. அது பயின்ற பாடல்களை வைத்துப் பார்த்தால் அப்படிச் செய்வதே இயல்பு. எந்தச் சுரத்தை வேண்டுமென்றே விட்டிருக்கிறோம் என்பது அந்தக் கணக்கில் எங்கும் இல்லை. ஐந்து சுர ராகத்திற்கோ விட்ட சுரங்களே பாதி அழகு.

இரண்டு கார்டுகளை மட்டும் வைத்து 16 ஆவர்த்தனங்களை நடத்தினால் சலிப்புத் தட்டும். அண்ணாச்சி தம் ஆர்கனில் அமர்ந்து, கார்டின் நடுச் சுரத்தை எடுத்துவிட்டு அதன் பக்கத்துச் சுரத்தை வைக்கும் கார்டுகளை வாசித்துக் காட்டினார். வாசிப்பவர்கள் அவற்றை ‘சஸ்’ கார்டு என்பார்கள். ஐந்து சுரங்களுக்குள்ளேயே அவை தாராளமாகக் கிடைக்கின்றன: ச-ரி-ப, ரி-ப-த, த-ரி-க, ப-ச-ரி. இவற்றில் மேஜர், மைனர் என்ற முகம் இல்லாததால் ராகத்தின் நிறம் கெடுவதில்லை. அடி முடிந்து சட்ஜத்திற்குத் திரும்பும் இடங்களில் மென்பொருள் ப-நி-ரி கொடுத்திருந்த எல்லா இடத்திலும் நிஷாதத்தை எடுத்துவிட்டுச் சட்ஜத்தை வைத்து ப-ச-ரி ஆக்கினேன். வீடு திரும்பும் உணர்வு சற்று மென்மையாகிறது, ஆனால் மறைவதில்லை. தைவதமும் சட்ஜமும் நீண்டு ஒலிக்கும் இடங்களில் ம-த-சவுக்கும் த-ச-கவுக்கும் சமமான இடம் உண்டு. அங்கே இரண்டாவதைத் தேர்ந்தேன்.

ஓர் இடத்தில் மட்டும் மென்பொருள் சொன்னதையே வைத்துக்கொண்டேன். “இடியே இடியே கொஞ்சம் பொறு” என்ற அடியின் முடிவில் குரல் மேல் சட்ஜத்தில் நீண்டு நிற்கிறது. அங்கே ம-த-ச வந்தபோது வானம் சட்டென்று இருண்டதுபோல இருந்தது. ராகத்திற்கு வெளியே உள்ள சுரம் என்று தெரிந்தே, ஒரே ஒருமுறை வருவதால் அதை விட்டுவைத்தேன். ராக இலக்கணத்தில் உறுதியானவர்கள் இதை ஏற்க மாட்டார்கள். அவர்கள் பக்கமும் நியாயம் உண்டு. ஆனாலும் அந்த இடத்தைக் கேட்கும்போதெல்லாம் அது சரி என்றே எனக்குப் படுகிறது. நானாக யோசித்திருந்தால் அந்தக் கார்டு எனக்குத் தோன்றியிராது என்பதையும் சொல்ல வேண்டும்.

கார்டுகள் முடிவான பின், அவற்றை, சுரங்களைக் குறிப்பாகச் சேமிக்கும் மிடி கோப்பாக எடுத்து வேறொரு பதிவு மென்பொருளில் திறந்தேன். மென்பொருள் தானாகச் சேர்த்த டிரம்ஸை முழுவதும் நீக்கினேன். தாளத்திற்குப் பிள்ளைகளின் கைத்தட்டலே போதும். கார்டின் சுரங்களை ஒரே நேரத்தில் அழுத்தாமல், ஒன்றன்பின் ஒன்றாகக் கிட்டார் ஒலியில் உதிரவிட்டேன். ஒரு கார்டிலிருந்து அடுத்ததற்குப் போகும்போது இரண்டுக்கும் பொதுவான சுரத்தை அசைக்காமல் வைத்து, மற்றதை மட்டும் பக்கத்துச் சுரத்திற்கு நகர்த்தினால் இணைப்பு வழுக்கிக்கொண்டு போகிறது. என் மத்திய சட்ஜம் 196 ஹெர்ட்ஸ். மந்திர சட்ஜம் 98 ஹெர்ட்ஸ். அந்தக் கீழ்ப்பகுதியில் சட்ஜத்தின் மேல் காந்தாரத்தை வைத்தால் ஒலி கலங்கிக் குழம்புகிறது. அங்கே சட்ஜமும் பஞ்சமமும் மட்டும் இருக்க, காந்தாரத்தை மேலே தள்ளினேன். வகுப்பறையில் உள்ளதுபோன்ற சிறிய ஒலிபெருக்கி 100 ஹெர்ட்ஸுக்குக் கீழே தெளிவாக ஒலிக்காது என்பதால், அந்த ஒலிபெருக்கியிலேயே ஒருமுறை கேட்ட பிறகுதான் அளவுகளை நிறுத்தினேன். குரலைவிடப் பின்னணி எவ்வளவு தாழ்ந்திருக்க வேண்டும் என்று கணினியின் முன் அமர்ந்து எடுத்த முடிவு அங்கே செல்லவில்லை. இன்னும் குறைக்க வேண்டியிருந்தது.

கார்த்திகை முதல் வாரத்தில் வகுப்பில் ஒலிக்கவிட்டேன். அதுவரை அரை இட எடுப்புக்கு நான் கையை உயர்த்தி, இறக்கி, தலையசைத்துக் காட்ட வேண்டியிருந்தது. அப்படியும் பாதிப் பேர் தட்டோடு சேர்ந்தே பாடத் தொடங்கிவிடுவார்கள். அன்று சமத்தில் ச-ரி-ப விழுந்தது. நான் கையை அசைக்கவில்லை. நாற்பது பேரும் அந்த அரை இடம் காத்திருந்து, ஒன்றாகத் தொடங்கினார்கள்.